கிற்றாருக்குப் புதிய பிக்கப்: கிலோ ஓம் எண்ணைப் பார்த்து வாங்கலாமா?

ஆறாம்கம்பி (கிளிநொச்சி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவில், சீனாவில் செய்யப்பட்ட, சொல்லிக்கொள்ளும்படியான பெயர் எதுவும் இல்லாத கிற்றார் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவிலும், திருவிழாக் காலத்தில் ஓர் இசைக்குழுவிலும் அதை வாசிக்கிறேன். கழுத்து நேராக இருக்கிறது, கையும் அதற்குப் பழகிவிட்டது. ஆகவே கிற்றாரை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாகம்) பக்கத்துப் பிக்கப்பின், அதாவது கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகத்தின், ஒலி தகரத்தில் தட்டியது போல மெலிந்து கூராக வருகிறது என்பது முதற்குறை. மின்பிறப்பாக்கியில் ஓடும் மேடைகளில், பாட்டு ஓய்ந்த இடங்களிலெல்லாம் என் கிற்றாரின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது இரண்டாவது. அந்த மேடைகளில் எனக்கென்று அம்பிளிபயர் கிடையாது. ஒரு சிறிய எஃபெக்ட் பெடல் வழியாக நேரே மிக்சருக்குப் போகிறது.

மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து பெரியப்பாவின் மகன் வருகிறார். ஒரு பிக்கப் வாங்கி வரச் சம்மதித்திருக்கிறார். பிழையானதைச் சொல்லிவிட்டால் திருப்பிக் கொடுக்க வழியில்லை, அடுத்த பயணம் எப்போது என்றும் தெரியாது. சீமோர் டங்கன் கம்பெனியின் ஜேபி என்ற ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) மின்தடை 16 கிலோ ஓம் என்றும், ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கான பழைய பாணி சிங்கிள் கொயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) 6 கிலோ ஓம் அளவு என்றும் வாசித்தேன். எண் கூடினால் ஒலியும் கனமாகுமா? சிங்கிள் கொயில் குழியிலேயே பொருந்தும் ஹொட் ரெயில்ஸ் போன்ற ஒடுங்கிய ஹம்பக்கர்கள், 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் இஎம்ஜி கம்பெனிப் பிக்கப், அல்நிக்கோ 5 என்ற உலோகக் கலவைக் காந்தமுள்ள சாதாரண சிங்கிள் கொயில் ஆகிய மூன்றில் எனக்கு எது ஏற்றது?

பழையரேடியோ (வவுனியா):

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் உதவியால் வானொலி கேட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பிக்கப்பும் அந்த டைனமோவின் உறவுதான். அங்கே சுருளுக்குள் காந்தம் சுழன்றது. இங்கே காந்தம் அசையாமல் இருக்க, அதனால் காந்தமேறிய இரும்புக் கம்பி மேலே அதிர்ந்து, சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப் பாயத்தை மாற்றுகிறது. சுற்றுகள் கூடினால் மின்னழுத்தம் கூடும் என்பது உண்மை. ஆனால் சுற்றுகள் கூடும்போது சுருளின் தூண்டற்றிறனும் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் இயல்பு) கூடுகிறது. அதைத்தான் விளம்பரங்களில் பலர் எழுதுவதில்லை.

ஒலியின் நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தத் தூண்டற்றிறனும் கேபிளின் கொள்ளளவமும் (மின்னேற்றத்தைத் தேக்கும் இயல்பு) சேர்ந்து உண்டாக்கும் பரிவு உச்சம், அதாவது ஒலி மிக ஓங்கி வரும் அலைவரிசை. பழைய பாணிச் சிங்கிள் கொயில் ஒன்றை 2.4 ஹென்றி என்றும், 5 மீற்றர் கேபிளும் சுருளும் சேர்ந்த கொள்ளளவத்தை 600 பிக்கோபரட் என்றும் கொண்டால், உச்சம் 4,200 ஹேர்ட்ஸ் அளவில் விழும். மணி போன்ற ஒலி அங்கிருந்துதான் வருகிறது. அதே கேபிளில் 8 ஹென்றி அளவுள்ள பலமான ஹம்பக்கரைப் பூட்டினால் உச்சம் 2,300 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதற்கு மேலே ஒலி விரைவாக மங்கும், நடு அலைவரிசை முன்னுக்கு வரும். "கனம்" என்று நாம் சொல்வதில் பாதி இந்த மங்கல்தான். உங்கள் கேபிளை 10 மீற்றராக்கினால், பிக்கப்பைத் தொடாமலேயே 4,200 என்பது 3,100 ஆகிவிடும். காசில்லாமல் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. ஆனால் கேபிள் பிக்கப்புக்கும் பெடலுக்கும் இடையில் இருக்க வேண்டும். பெடலுக்குப் பின்னால் நீட்டிப் பயனில்லை.

கிலோ ஓம் எண் சுருளில் சுற்றிய செப்புக் கம்பியின் நேரோட்டத் தடையை மட்டுமே சொல்கிறது. அந்தக் கம்பியைத் தடிப்பு இலக்கத்தில் ஒரு படி மெல்லியதாக்கினால், சுற்றுகள் மாறாமலேயே தடை ஏறத்தாழக் காற்பங்கு கூடிவிடும். வெப்பமும் சேர்த்துக் கொள்ளுங்கள். 20 பாகையில் 7.0 காட்டும் சுருள், நம் சித்திரை மாதத்து 35 பாகையில் 7.4 காட்டும். எனவே வெவ்வேறு கம்பெனிகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரே கம்பெனி, ஒரே வடிவம், ஒரே கம்பி என்றால் மட்டும் அந்த எண்ணுக்கு ஓரளவு பொருள் உண்டு.

இரைச்சலுக்கு வருகிறேன். அது ஒன்றல்ல, இரண்டு. சுருளுக்குள் காந்தவழியாக நுழையும் 50 ஹேர்ட்ஸ் முணுமுணுப்பு ஒன்று. நம் நாட்டில் அது ஏறத்தாழ ஜி சுரத்தில் நிற்கும், மின்பிறப்பாக்கியின் வேகம் தளும்பினால் அதுவும் தளும்பும். மின்புலம் வழியாக நுழையும் கூரான "ஸ்ஸ்" கலந்த ரீங்காரம் மற்றையது. முதலாவதை அடக்குவது ஹம்பக்கர்: எதிரெதிராகச் சுற்றி, எதிர்த்துருவக் காந்தம் வைத்த இரண்டு சுருள்களில் கம்பியின் ஒலி கூடும், வெளியிரைச்சல் கழியும். கிப்சன் நிறுவனத்தில் இருந்த செத் லவர் இதற்கு 1955 இல் காப்புரிமை கோரினார், 1959 இல் அது கிடைத்தது. இரண்டாவதற்கு ஹம்பக்கர் போதாது. கிற்றாரின் குழிக்குள் செப்புத் தகட்டுப் படலம் ஒட்டி அதைப் புவித்தொடுப்புடன் இணைக்க வேண்டும். மேடையில் கம்பிகளைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் உங்கள் உள்வயரிங் சரி, மறைப்புத்தான் போதவில்லை. தொட்டதும் கூடினால் ஏதோ ஓர் இணைப்பு மாறியிருக்கிறது.

இரைச்சலைக் குறைப்பதற்காகச் சிலர் பிரிட்ஜுக்குப் போகும் புவிக் கம்பியை வெட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் பிளக்கின் மூன்றாவது ஊசியைக் கழற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். புவித்தொடுப்பு இல்லாத மின்பிறப்பாக்கி மேடையில் கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும் நிலை என்னவென்று, ஒருமுறை அதிர்ச்சி வாங்கிய பாடகரைக் கேட்டால் சொல்வார். மின்பிறப்பாக்கிக்கு ஈர நிலத்தில் ஒரு புவிக் கம்பி இறக்கி, ட்ரிப் சுவிட்ச் ஒன்றும் போடச் சொல்லுங்கள். இது பிக்கப்பைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை.

கடற்காற்று (முல்லைத்தீவு):

மேலே ஐயா எழுதியதை மறுக்கவில்லை; வாசிப்பவனாக என் காதுக்கு எட்டியதை மட்டும் சேர்க்கிறேன். என்னிடம் சிங்கிள் கொயில் கிற்றார் ஒன்றும், பிரிட்ஜில் செரமிக் காந்த ரெயில் பிக்கப் பூட்டிய இன்னொன்றும் உள்ளன. நண்பர் ஒருவரின், 1950களின் பாணியில் செய்த 8 கிலோ ஓம் ஹம்பக்கர் கிற்றாரையும் ஒரு மாதம் வைத்திருந்தேன்.

அல்நிக்கோ 5 சிங்கிள் கொயிலில் கம்பியைச் சுண்டியதும் விரலின் ஒலி தனியாகக் கேட்கும். தனியே வாசிக்கும்போது அது அழகு. தவிலும் கீபோர்டும் சேர்ந்தால் பிரிட்ஜ் நிலையில் அது காதைக் குத்தும். பழைய பாணி ஹம்பக்கர் அந்தக் கூர்மையைக் கழற்றிவிட்டுச் சுரத்தைத் தெளிவாக விடுகிறது. கோட்ஸ் வாசிக்கும்போது ஒவ்வொரு கம்பியும் பிரிந்து கேட்கும். செரமிக் ரெயில் பலமானது, நடுவில் தடித்தது, பெடலை இலகுவில் உறுமச் செய்வது. ஆனால் சுத்தமான ஒலியில் கீர்த்தனைக்குத் துணை வாசித்தால் சற்று மூக்கடைத்தது போல இருக்கும். கிற்றாரில் வால்யூமை 7 அளவுக்கு இறக்கினால் அது ஓரளவு தீரும்.

ரெயிலுக்கு நான் கொடுக்கும் மேலதிகப் புள்ளி கமகத்துக்காக. தனித்தனிக் காந்தத் தண்டுகள் உள்ள பிக்கப்பில் கம்பியை ஒரு முழுச் சுரத்துக்கு மேல் இழுத்தால், அது இரண்டு தண்டுகளுக்கு நடுவே போய் ஒலி சற்றே தளர்வதுண்டு. குறுக்கே ஓடும் இரும்புப் பட்டியில் அந்தத் தளர்வு இல்லை. திரைப்பாடல்களின் இழுப்பும் வளைவும் வாசிப்பவருக்கு இது சிறிய விடயமல்ல.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒன்றை வாங்கிப் பூட்டினேன். தனியே நன்றாக இருந்தது; நடுப் பிக்கப்புடன் சேர்த்தால் ஒலி சுருங்கி, ரெலிபோனில் கேட்பது போலாகிவிட்டது. இரண்டும் எதிர்க் கட்டத்தில் இருந்தன, அதாவது ஒன்றின் அலையை மற்றதன் அலை கழித்தது. வேறு வேறு இடத்துப் பிக்கப்களைக் கலக்கும்போது இது நடக்கும். நான்கு வயர் வெளியே வரும் பிக்கப் என்றால் சுருளின் தொடக்கத்தையும் முடிவையும் மாற்றிப் பற்றாசு பிடித்தால் தீரும். என்னுடையதில் ஒரு வயரும் அதைச் சுற்றிய உலோக உறையும் மட்டுமே இருந்ததால் வேலை பெருத்துவிட்டது. ஆகவே எதை வாங்கினாலும் நான்கு வயர் உள்ளதாக வாங்கச் சொல்லுங்கள்.

இணையத்து ஒப்பீட்டுக் காணொளிகளில் ஒரு சூதும் உண்டு: பலமான பிக்கப் சத்தமாகவும் கேட்பதால் அதுவே நல்லது என்று மனம் சொல்லிவிடும். சத்தத்தைச் சமப்படுத்திய பிறகு கேளுங்கள். கைப்பேசியில் பதிவுசெய்து ஒப்பிட்டால் அது தானாகவே மட்டத்தை ஏற்றி இறக்கிக் குழப்பும்.

மாங்குளம்சந்தி:

நான் மாறுபடுகிறேன். ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கிற்றார் அம்பிளிபயரின் 12 அங்குல ஒலிபெருக்கி 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே சடுதியாக விழுந்துவிடும். திருவிழா மேடையின் ஹோர்ன் அப்படியல்ல, பெடலிலிருந்து வரும் எல்லாக் கூர்மையையும் மக்கள் காதுக்குக் கொண்டுபோகும். தகர ஒலிக்குக் காரணம் அங்கே இருக்கலாம். உங்கள் பெடலில் ஒலிபெருக்கிப் பெட்டியைப் போலச் செய்யும் வசதி இருந்தால் அதைத் திறந்துவிட்டு ஒரு திருவிழா வாசித்துப் பாருங்கள். இஎம்ஜி வேண்டவே வேண்டாம்: அதற்கு 25 கிலோ ஓம் பொட் (வால்யூம், டோன் குமிழ்களின் மாறுதடை) வேண்டும், ஸ்டீரியோ ஜாக் வேண்டும், மற்ற இரண்டு பிக்கப்களுடன் சேராது, திருவிழா நடுவில் மின்கலம் முடிந்தால் கிற்றாரும் முடிந்தது.

ஆறாம்கம்பி (கிளிநொச்சி):

மூவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை கிற்றாரைத் திறந்து பார்த்தேன்.

பிக்கப்பின் அடியில் ஒட்டிய செரமிக் பட்டை இருக்கிறது. மேலே தெரிபவை வெறும் இரும்புத் தண்டுகள். நண்பகலில் பல்மானி 5.9 கிலோ ஓம் காட்டியது. நான் எதிர்பாராதது பொட்: மூன்றிலும் பி500கே (500 கிலோ ஓம்) என்று அச்சிட்டிருந்தது. பக்கத்து ரேடியோக் கடையில் ஏ250கே வாங்கி வால்யூமுக்கும் ஒரு டோனுக்கும் மாற்றினேன். பிரிட்ஜுக்கு டோனே இல்லாத வயரிங்கை மாற்றி, அந்த டோனை அதற்கும் இணைத்தேன். கடைசி பிரெட்டில் கம்பியை அழுத்தியபோது பிரிட்ஜ் பிக்கப்புக்கு 1 மில்லிமீற்றர்தான் இடைவெளி இருந்தது. தடித்த கம்பிப் பக்கம் 2.5, மெல்லிய பக்கம் 2 என்று இறக்கினேன். கூர் பாதியாகக் குறைந்துவிட்டது என்று எங்கள் கீபோர்ட் வாசிப்பவர் நான் கேட்காமலேயே சொன்னார். பெடலில் பெட்டி வசதி இருந்தது. இதுவரை மூடியே வைத்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

ஆனால் முணுமுணுப்பு அப்படியே இருக்கிறது. கம்பியைத் தொட்டால் "ஸ்ஸ்" குறைகிறது, அடியில் உள்ளது குறையவில்லை. இரண்டு பிக்கப்கள் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் இடை நிலைகளிலும் அது போகவில்லை. எனவே பிரிட்ஜுக்கு ரெயில் வகை ஒன்றும், செப்புப் படலமும் கேட்கலாம் என்றிருக்கிறேன். 250 பொட்டுடன் ரெயில் மங்கிவிடுமா?

பழையரேடியோ (வவுனியா):

இடை நிலைகளிலும் போகவில்லை என்றால் உங்கள் நடுப் பிக்கப், மற்றவற்றுக்கு எதிராகச் சுற்றி எதிர்த்துருவக் காந்தம் வைத்த எதிர்ச்சுற்று வகையல்ல. மலிவான கிற்றார்களில் அது வழக்கம். ரெயில் சரியான முடிவு. அது இருக்கும் குழியிலேயே இறங்கும். முழு அளவு ஹம்பக்கருக்குத் தகட்டை வெட்டி மரத்தையும் குடைய வேண்டும். 250 பொட்டில் அது சற்று மங்கும், ஆனால் கூர்மையைப் பற்றி முறையிட்டவர் நீங்கள். மிகப் பலமானதைத் தவிர்த்து நடுத்தர அளவில் ஒன்றைக் கேளுங்கள், நெக் (கழுத்துப் பக்க) பிக்கப்புடன் சத்தம் ஒத்துப்போகும். நெக்கில் அந்த முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும். மேடையில் பிரிட்ஜை வைத்துக் கொள்ளுங்கள்.

வயர் நிறங்களில் கவனம் தேவை. சீமோர் டங்கனில் கறுப்பு ஒலிக்குப் போகும், சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேரும், பச்சை புவிக்கு. டிமார்சியோவில் சிவப்புத்தான் ஒலிக்கு, கறுப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேரும், பச்சை புவிக்கு. இரண்டிலும் உறையில்லாத வயர் புவிக்கே. கட்டம் மாறி மெலிந்து கேட்டால், ஒலிக்குப் போகும் வயரையும் பச்சையையும் மட்டும் இடம் மாற்றுங்கள். உறையில்லாததைத் தொட வேண்டாம்.

கடற்காற்று (முல்லைத்தீவு):

படலம் வாங்கும்போது ஒட்டுப் பக்கமும் மின்கடத்துவதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள் தம்பி. கடத்தாவிட்டால் துண்டுக்குத் துண்டு மூட்டில் பற்றாசுப் பொட்டு வைக்க வேண்டியிருக்கும். குழிக்குள் கை நுழையாமல் நான் பட்ட பாடு போதும்.