ஏஎம்டி கார் நெரிசலில் தானாக நியூட்ரலுக்குப் போகிறது, மூன்று முறை பார்த்தும் திரும்ப வருகிறது. உதவி தேவை

கேள்வி (கோவை)

வணக்கம். 2016 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக், ஏஎம்டி (கிளட்ச் மிதிக்காமலே கியர் தானாக மாறும் வகை). ஒன்றரை வருடம் முன்னால் 58,000 கிலோமீட்டரில் இரண்டாவது ஓனராக வாங்கினேன், இப்போது 74,000. அப்பாவுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் கிளட்ச் மிதிக்க முடியாது, அவரும் ஓட்டட்டும் என்றுதான் தேடிப்பிடித்து ஏஎம்டி வாங்கினோம்.

காலையில் எடுத்தால் ஒரு குறையும் இல்லை. அவிநாசி ரோட்டில் அரைமணி நேரம் நின்று நின்று போனால் போதும், சிக்னலில் பச்சை விழுந்து ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது என்ஜின் மட்டும் உறுமும், வண்டி நகராது, மீட்டரில் ‘டி’ (டிரைவ்) போய் ‘என்’ (நியூட்ரல்) மின்னும். சாவியை அணைத்துப் பத்து நிமிடம் விட்டால் மறுபடி கியர் விழும். மெக்கானிக் ஸ்கேனர் போட்டு எரரை அழித்துக் கொடுத்தார், மூன்று வாரம் ஓடியது. அடுத்த முறை கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று செட்டையே மாற்றினார்கள், 16,000 ரூபாய், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது முறையும் அழித்துத்தான் கொடுத்தார்கள். இப்போது வேறொரு இடத்தில் கியரையும் கிளட்சையும் இயக்கும் ஆக்சுவேட்டரை முழுசாக மாற்றணும், 55,000 ஆகும் என்கிறார்கள். போன வாரம் உக்கடம் பக்கம் அப்பா ஓட்டும்போது நடுரோட்டில் நின்றுவிட்டது, பின்னாலேயே பஸ். அன்றிலிருந்து அவர் சாவியைத் தொடவே இல்லை. அந்தப் பணத்தைப் போடுவதற்கு முன்னால் வேறு ஏதாவது பார்க்கணுமா?

பதில் (திருச்சி)

முதலில் பேட்டரியைப் பாருங்கள் நண்பரே. ஏஎம்டியில் கியர் மாற்றுவதே கரண்ட்தான், பேட்டரி வீக் ஆனால் இப்படித்தான் படுத்தும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், என்ஜின் ஓடும்போது 14 பக்கம். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு பிரேக் லைட் சுவிட்ச் போய் கியரே விழாமல் இருந்தது, ஆனால் அது சூடானால்தான் வரும் என்று இல்லை, காலையிலேயே வரும்.

பதில் (மதுரை, பட்டறை வைத்திருக்கிறேன்)

தம்பி, 55,000 இப்போதைக்குக் கொடுக்காதீங்க. எரர் நம்பர் என்ன வந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை, அதைத்தான் முதலில் கேட்டு வாங்கணும். அழித்துவிட்டால் வண்டி சொன்ன ஒரே சாட்சியும் போய்விடும்.

உங்கள் வண்டியில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் சாதாரண கிளட்சும்தான். நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு சின்ன எலக்ட்ரிக் பம்ப் ஆயில் பிரஷரை வைத்துச் செய்கிறது. டிரைவர் கதவைத் திறந்தால் ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான் அந்தப் பம்ப். அது ஏற்றும் பிரஷரைப் பிடித்து வைக்க அக்குமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது, இரும்பு டப்பா, உள்ளே ஒரு பக்கம் நைட்ரஜன் கேஸ், ஒரு பக்கம் ஆயில், நடுவில் ரப்பர் சவ்வு. வருடக்கணக்கில் அந்த கேஸ் கசிந்துவிடும். கேஸ் போனால் பிரஷர் தங்காது, ஒவ்வொரு கியருக்கும் பம்ப் புதுசாக ஓடணும். காலையில் பம்ப் மோட்டார் குளிர்ந்திருக்கும், சமாளித்துவிடும். நெரிசலில் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகி, பிரஷர் இறங்கி, கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக நியூட்ரலுக்குத் தள்ளிவிடும். பத்து நிமிடம் ஆறினால் சரியாவதும் இதனால்தான். கிளட்ச் தேய்ந்திருந்தால் வழுக்கும், கருகின வாடை வரும், இப்படி ஆறினதும் பழையபடி ஓடாது.

வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பம்ப் ஓடி நிற்கட்டும். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், ரிவர்ஸ், நியூட்ரல், முதல் கியர் என்று மாற்றுங்கள். நல்ல அக்குமுலேட்டர் என்றால் சில மாற்றங்களுக்கு அப்புறம்தான் பம்ப் ஓடும், போனது என்றால் ஒவ்வொன்றுக்கும் ஓடும்.

கேட்டவர்

அண்ணா, ரொம்ப நன்றி. பேட்டரி காலையில் 12.5, ஓடும்போது 14.1, எர்த் ஒயரும் சுத்தமாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடி எட்டு முறை மாற்றினேன், எட்டு முறையும் பம்ப் ஓடியது. பழைய மெக்கானிக்கிடம் கெஞ்சிக் கேட்டு ஸ்கேன் போட்டோவை வாங்கினேன். மூன்று முறையும் ஒரே நம்பர், பி0944.

பதில் (மதுரை)

ஹைட்ராலிக் யூனிட்டில், அதாவது அந்தப் பம்பும் அக்குமுலேட்டரும் இருக்கும் யூனிட்டில், பிரஷர் இழப்பு என்றுதான் அந்த நம்பருக்கு அர்த்தம். முதல் நாளே வண்டி சொல்லியிருக்கிறது, அந்த 16,000 போனது எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆயில் எங்கேயாவது வெளியே கசிகிறதா, டேங்கில் அளவு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு இல்லை என்றால் அக்குமுலேட்டரை மட்டும் மாற்றலாம், கூடவே பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான ரிலேயும், ஏனென்றால் இத்தனை நாள் ஓவராக ஓடியதில் அதன் பாயிண்ட் கருகியிருக்கும். இரண்டு விஷயம் முக்கியம். ஸ்கேனர் வழியாக பிரஷரை இறக்காமல் யாரையும் கழற்ற விடாதீங்க, உள்ளே இருக்கும் பிரஷர் ஆளைக் காயப்படுத்தும். மாட்டியபின் காற்றை எடுத்து, கிளட்ச் பிடிக்கும் இடத்தை ஸ்கேனர் வழியாக வண்டியின் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுக்கணும், அது செய்யாவிட்டால் முதல் கியரில் குலுங்கும்.

கேட்டவர்

கசிவு இல்லை. அக்குமுலேட்டர், ரிலே, ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 11,200 ஆனது. பக்கத்திலேயே நின்று பார்த்தேன், பிரஷரை இறக்கிவிட்டுத்தான் கழற்றினார்கள். மாட்டிய அன்றே அதே சோதனை, இப்போது நான்கு கியருக்கு ஒருமுறைதான் பம்ப் ஓடுகிறது. ஆறு வாரம் ஆகிறது, 1,900 கிலோமீட்டர், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறியும் வந்தாயிற்று, மீட்டரில் ‘என்’ ஒருமுறைகூட மின்னவில்லை. நேற்று மாலை அப்பா தானே சாவியை எடுத்துக்கொண்டு காந்திபுரம் வரை போய் வந்தார்.