எச்-4 ஈஏடி: நவம்பர் 5 தேதியிட்ட ரசீதுக்கு 540 நாள் நீட்டிப்பு கிடைக்குமா? டிசம்பர் 14 கடைசி நாள்

வேப்பநிழல்:
எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன். கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், நான் அவர் துணைக்கான எச்-4 விசாவில், ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டையை வைத்து வேலை பார்க்கிறேன். அட்டை 2025 டிசம்பர் 14 அன்று முடிகிறது. புதுப்பிக்க ஐ-765 மனு அனுப்பினேன், அக்டோபர் 27 அன்று போய்ச் சேர்ந்துவிட்டது என்று கூரியர் தகவலும் வந்தது. மூன்றே நாளில், அக்டோபர் 30 அன்று, மனு நிலுவையில் இருக்கும்போது பழைய அட்டைக்குத் தானாகக் கிடைக்கும் 540 நாள் நீட்டிப்பை, அன்று முதல் போடும் மனுக்களுக்கு எடுத்துவிட்டார்கள். நேற்று எச்.ஆர். கூப்பிட்டு, "உங்கள் ரசீதில் நவம்பர் 5 என்று இருக்கிறது, 14-ஆம் தேதியோடு வேலையை நிறுத்திவிடுங்கள்" என்கிறார். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்றுமணல்:
பதறாதீர்கள் சகோதரி. அந்த ஐ-797சி ரசீதைக் கையில் எடுங்கள். மேலே கட்டம் கட்டமாக இருக்கும் இடத்தில் இரண்டு தேதி இருக்கும்: ரிசீவ்டு டேட், நோட்டீஸ் டேட். நவம்பர் 5 எதில் இருக்கிறது? நோட்டீஸ் டேட் என்பது அந்தக் காகிதம் தயாரான நாள். மனு போய்ச் சேர்ந்த நாளைத்தான் விதி பார்க்கிறது. அக்டோபர் 30-க்கு முன்னால் சேர்ந்திருந்தால் பழைய விதிதான்.

வேப்பநிழல்:
பார்த்தேன் அண்ணா. ரிசீவ்டு அக்டோபர் 27, நோட்டீஸ் நவம்பர் 5! எச்-4க்கான வகை சி26 என்று அட்டை, ரசீது இரண்டிலும் இருக்கிறது.

தென்னங்கீற்று:
எச்-4க்காரர்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு, அதையும் அவிழ்த்துவிடுவோம். 540 நாளா, ஐ-94 (நாட்டில் எதுவரை தங்கலாம் என்ற பதிவு) முடியும் நாளா, எது முந்துகிறதோ அதுவரைக்கும்தான் நீட்டிப்பு. நிறையப் பேருக்கு ஈஏடியும் ஐ-94-ம் ஒரே நாளில் முடியும். அப்படி இருந்தால் ஒரு நாள்கூடக் கிடைக்காது. உங்கள் ஐ-94 என்ன தேதி?

வேப்பநிழல்:
ஐ-94 இணையதளத்தில் டிசம்பர் 14 என்றுதான் காட்டுகிறது, கை நடுங்குகிறது. ஆனால் கணவருக்கு நீட்டிப்பு வந்தபோது நான் தங்கும் காலத்தை நீட்டிக்கும் ஐ-539 மனுவும் செப்டம்பரில் ஒப்புதல் ஆனதே?

தென்னங்கீற்று:
அப்படியானால் விடை உங்கள் வீட்டு ஃபைலிலேயே இருக்கிறது அம்மா. அந்த ஒப்புதல் கடிதம் ஐ-797ஏ, அதன் அடியில் கிழித்தெடுக்கிற மாதிரி ஒரு துண்டு இருக்கும். அதுதான் உங்கள் புது ஐ-94. இணையதளம் கடைசியாக நாட்டுக்குள் வந்தபோது பதிந்ததையே காட்டிக்கொண்டிருக்கும்.

வேப்பநிழல்:
2028 செப்டம்பர் 13! அழுதுவிட்டேன்.

நிழற்குடை:
நான் ஒரு நிறுவனத்தில் ஐ-9 (ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் படிவம்) பார்ப்பவள். உங்கள் எச்.ஆர். மேல் கோபம் வேண்டாம். அனுமதி இல்லாதவரை வேலையில் வைத்திருந்தால் நிறுவனத்துக்கு அபராதம், அந்தப் பயம்தான். பழைய ஈஏடி அட்டை, ஐ-797சி ரசீது, அந்த ஐ-94 துண்டு, மூன்றையும் ஒன்றாகக் கொடுங்கள். ரசீதில் ரிசீவ்டு டேட்டைச் சுற்றிக் காட்டுங்கள். கணக்குப்படி 2027 ஜூன் 7 வரை வருகிறது. அதற்குள் மனு நிராகரிக்கப்பட்டால் நீட்டிப்பும் அன்றோடு போய்விடும், அதனால் கேஸ் நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மழைமேகம்:
இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். என்னுடையதும் அக்டோபர் 29 அன்றே போய்ச் சேர்ந்தது. ஆனால் செக் வைத்திருந்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி அனுப்பி நவம்பர் 12 ரிசீவ்டு டேட். அட்டை ஜனவரி 9 வரை. பழைய தேதியைக் கேட்டு வாங்க முடியுமா?

ஆற்றுமணல்:
முடியாது தம்பி, சொல்லவே வருத்தமாக இருக்கிறது. அக்டோபர் 28-க்குப் பிறகு பொதுவாகக் காகிதச் செக்கை யுஎஸ்சிஐஎஸ் (குடியேற்றத் துறை) எடுப்பதில்லை. கார்டு என்றால் ஜி-1450 படிவம், வங்கிக் கணக்கிலிருந்து என்றால் ஜி-1650. திருப்பப்பட்ட மனுவின் தேதி கணக்கில் வராது. ஜனவரி 9-க்குள் புது அட்டை வராவிட்டால் வேலையை நிறுத்தியே ஆகவேண்டும். விடுப்பு தருவார்களா என்று இப்போதே கேளுங்கள். நீங்கள் முன்பு எச்-1பியில் இருந்ததுண்டா?

மழைமேகம்:
இருந்தேன், இரண்டு வருடம். பிறகுதான் எச்-4.

ஆற்றுமணல்:
அப்போது எச்-1பி குலுக்கலில் தேர்வாகி வந்தவர் என்றால் வழி இருக்கிறது. மீண்டும் குலுக்கல் தேவையில்லை, எச்-1பிக்கான ஆறு வருடத்தில் மிச்சம் உங்களுக்கு உண்டு. இங்கிருந்தபடியே எச்-4-லிருந்து எச்-1பிக்கு மாற நிறுவனத்தை மனுப் போடச் சொல்லுங்கள். கூடுதல் கட்டணம் கட்டும் பிரீமியம் என்றால் 15 வேலை நாளில் பதில். செப்டம்பர் 21 முதல் வந்த ஒரு லட்சம் டாலர் எச்-1பி கட்டணத்தைச் சொல்லி அவர்கள் தயங்கினால், உள்நாட்டிலேயே நிலை மாற்றம் ஒப்புதலானால் அது கிடையாது என்று யுஎஸ்சிஐஎஸ் அக்டோபர் 20 அன்று தெளிவாக்கியதைக் காட்டுங்கள். மனு நிலுவையில் இருக்கும்போது மட்டும் நாட்டை விட்டு வெளியே போகாதீர்கள். போனால் நிலை மாற்றக் கோரிக்கை கைவிட்டதாகிவிடும், அந்த ஒரு லட்சம் தலையில் விழும். வக்கீலிடம் இந்த வாரமே பேசுங்கள்.

கோடைக்காற்று:
குடியுரிமைக்கும் இதே கணக்கா? அப்பாவின் குடியுரிமை மனு என்-400-ஐ அக்டோபர் 17 அன்று ஆன்லைனில் போட்டோம், நேர்காணல் இனிமேல்தான்.

நிழற்குடை:
ஆமாம், அங்கும் மனுப் போட்ட நாள்தான். அக்டோபர் 20 முதல் போட்டவர்களுக்குத்தான் 128 கேள்விகள் கொண்ட புதுத் தேர்வு, 20 கேட்டு 12 சரியாக வேண்டும். அப்பாவுக்குப் பழைய 100 கேள்விகளே, 10-க்கு 6 போதும். புதுப் புத்தகத்தைக் கொடுத்து அவரைக் குழப்பிவிடாதீர்கள்.

வேப்பநிழல்:
மூன்றையும் கொடுத்துவிட்டேன். எச்.ஆர். அவர்களுடைய வக்கீலிடம் காட்டி, இன்று மதியம் ஐ-9-இல் புதுத் தேதி போட்டுவிட்டார். உங்கள் எல்லாருக்கும் கோடி நன்றி. மழைமேகம் தம்பி, உங்கள் நிறுவனம் என்ன சொன்னது?

மழைமேகம்:
வக்கீலோடு வியாழக்கிழமை பேச நேரம் வாங்கியிருக்கிறேன் அக்கா. பழைய எச்-1பி ஒப்புதல் கடிதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.