புதுப்பிப்பு: தரம் 4 பிள்ளைகளின் கதைப் புத்தகங்கள்

போன தவணையில் கேட்டிருந்தேன்: மட்டக்களப்பில் என் வகுப்புப் பிள்ளைகள் கதை எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நிறுத்துகிறார்கள், ஸ்டேப்ளர் அடித்த தாள்களும் கழன்றுபோகின்றன, என்ன செய்யலாம் என்று. பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "முதலில் படம், அப்புறம் எழுத்து" என்று ஒரு அக்கா சொன்னதுதான். "வாவியில் நண்டு இருந்தது. போனது." என்று முடித்த பையன், ஒற்றைக் கொடுக்கோடு நண்டை வரைந்தான். மற்றது எங்கே என்றேன். "அது மறுகா முளைக்கும் டீச்சர்!" அதிலேயே மூன்று பக்கம் எழுதிவிட்டான்.

ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு விடும் முறையும் சரிவந்தது. ஸ்டேப்ளர், நூல் எதுவும் வேண்டாம். அட்டை இரண்டு போகக் கதைக்கு ஆறு பக்கம். எல்லாம் தாளின் ஒரே முகத்தில் வருவதால், ஒரு போட்டோக்கொப்பி எடுத்தால் முழுப் புத்தகமும் கையில்.

எதிர்பாராதது: தாளை விரித்து வைத்து வரைந்தவர்களுக்குப் பாதிப் பக்கம் தலைகீழாகிவிட்டது (எனக்கும்தான்). முதலில் மடித்து, பக்க எண் போட்டுவிட்டு வரையச் சொல்லுங்கள். கலர் பென்சில் போட்டோக்கொப்பியில் மங்கிவிடும். ஓரங்களைக் கறுப்புப் பேனாவால் இழுத்தோம்.