நவ்ரோஸா, ஈத்தா? ஆப்கான் பண்டிகைகள் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மயிலைவாசி:
வணக்கம் நண்பர்களே. தில்லி லஜ்பத் நகரில் குடியிருக்கிறேன். கீழ் வீட்டில் காபூலிலிருந்து வந்த குடும்பம். போன வாரம் அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஊறவைத்த பழங்கள் கொடுத்தனுப்பினார். தோல் உரித்த பாதாம், பிஸ்தா, திராட்சை எல்லாம் தெரிந்தது, கூடவே காய்ந்த இலந்தை போல ஒன்று, கடித்தால் உள்ளே மாவு மாவாக இருந்தது. சர்க்கரையே போடவில்லையாம், ஆனால் அந்தத் தண்ணீர் அப்படி இனித்தது. நவ்ரோஸுக்கு, அதாவது அவர்கள் புத்தாண்டுக்குச் செய்தது என்றார். சரி, இதுதான் அவர்களுடைய பெரிய பண்டிகை என்று நினைத்து மறுநாள் நேரில் போய் வாழ்த்துச் சொன்னேன், அங்கே வந்திருந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "எங்களுக்குப் பண்டிகை இரண்டுதான், இரண்டும் ஈத்" என்று சொல்லிவிட்டார். பெரியம்மா முகம் வாடிப்போனதைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. நான் சொன்னது தப்பா? ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மா வேறு, கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்கிறார், என்ன வைத்துக் கொடுக்கலாம்?

தச்சநல்லூரான்:
தப்பே இல்லை சகோ. கட்டுமான வேலைக்காக இரண்டு வசந்தம் வட ஆப்கானிஸ்தானின் மசார்-இ-ஷரீஃபில் இருந்தேன், 2021க்கு முன்னால். உங்களுக்கு வந்தது ஹஃப்த் மேவா, ஏழு பழம் என்று அர்த்தம். உலர்பழங்களையும் பருப்புகளையும் கழுவி ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவார்கள், திராட்சையும் உலர்ந்த ஆப்ரிகாட்டும் விடுகிற இனிப்புதான் அந்தப் பாகு. இலந்தை மாதிரி இருந்தது சென்ஜெத். பாதாமுக்கும் அக்ரூட்டுக்கும் ஒவ்வொன்றாகத் தோல் உரிக்க வேண்டும், அக்ரூட்டின் அந்த மெல்லிய கசப்புத் தோலை எடுப்பதற்குள் விரல் நுனியெல்லாம் கறுத்துவிடும். ஒரு கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு மாலைப்பொழுது முழுவதும் இருக்கிறது, அதனால் அந்த அம்மா உங்களை நெருக்கமாக நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்.

அப்போதெல்லாம் மசாரில் நவ்ரோஸ் அன்று ஜஹந்தா பாலா என்று கொடியேற்றுவார்கள். நீல ஓடு பதித்த பெரிய தர்கா, நபிகளின் மருமகன் ஹஸ்ரத் அலி அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார் என்பது அந்த ஊர் நம்பிக்கை (பெரும்பாலான முஸ்லிம்களுக்கு அது இராக்கின் நஜஃப்). துணி சுற்றிய உயரமான கம்பத்தைக் கூட்டமாகச் சேர்ந்து நிமிர்த்துவார்கள், தடங்கலில்லாமல் ஏறினால் வருஷம் நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். நாற்பது நாள் அது நிற்கும். அந்த நாற்பது நாளுக்கு குல்-இ-சுர்க், சிவப்புப் பூ விழா என்று பெயர், ஊருக்கு வெளியே மேடெல்லாம் காட்டுத் துலிப் பூத்துக் கிடக்கும். குடும்பம் குடும்பமாக ஜமக்காளம் விரித்து டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்தில் புஸ்கஷி நடக்கும். ஆட்டு உடலுக்காகக் குதிரை மேலிருந்து மல்லுக்கட்டும் விளையாட்டு அது, முதல் தடவை பார்க்கும்போது எனக்கு நெஞ்சு படபடத்தது.

இன்னொன்று, பொரித்த மீனும் ஜிலேபியும். நவ்ரோஸுக்கு நிச்சயமான பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டையும் சேர்த்து அனுப்புவார்கள். நம்ம ஊர் தலைதீபாவளிச் சீர் ஞாபகம் வந்தது, என்ன, திசை மட்டும் எதிர்ப்பக்கம்.

குறிஞ்சி77:
நாள்காட்டியைப் பிடித்தால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். நவ்ரோஸ் சூரியக் கணக்கு, பகலும் இரவும் சமமாகிற மார்ச் 20 அல்லது 21. அன்று பிறக்கிற மாதத்தின் பெயர் ஹமல், அதாவது மேஷம். அடுத்தது சவ்ர், ரிஷபம். அப்படியே பன்னிரண்டு மாதத்துக்கும் ராசிப் பெயர்தான், கடைசி மாதம் ஹூத், மீனம். நமக்கும் மேஷத்தில்தான் சித்திரை பிறக்கிறது, ஆனால் நாம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறோம், அவர்கள் சம இரவு நாளை வைத்து. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இந்த இரண்டும் விலகி விலகி இப்போது 24 நாள் வித்தியாசம் வந்திருக்கிறது. மார்ச் 21க்கும் ஏப்ரல் 14க்கும் இடையில் இருப்பது அதுதான்.

சுதந்திர தினமும் இந்தக் கணக்கில்தான். அசத் 28, நம் சிம்மம், அதாவது ஆகஸ்ட் 19. 1919இல் மன்னர் அமானுல்லா கான் காலத்தில் நடந்த மூன்றாவது ஆங்கிலேய-ஆப்கான் போருக்குப் பிறகு வெளியுறவு விவகாரமும் அவர்கள் கைக்கு வந்த நினைவு. டிசம்பரில் வருஷத்தின் மிக நீண்ட இரவை யல்தா என்று மாதுளையும் தர்பூசணியும் வைத்துக்கொண்டு விழித்திருந்து கழிப்பார்கள், அதுவும் சூரியன்தான்.

ஈத் இரண்டும், முஹர்ரமும் பிறைக் கணக்கு, வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும்.

காயல்வாசகி:
அந்தப் பெரியவர் சொன்னதையும் நாம் மதிக்க வேண்டும். மார்க்கப்படி பண்டிகை இரண்டு ஈத்தான், நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். பஷ்தூ பேசுகிறவர்கள் நோன்புப் பெருநாளைக் குச்னை அக்தர், சின்னப் பெருநாள் என்றும், ஹஜ்ஜுப் பெருநாளை லோய் அக்தர், பெரிய பெருநாள் என்றும் சொல்வார்கள். என் கல்லூரி விடுதித் தோழி ஆப்கானிஸ்தானின் குந்தூஸ்காரி. சின்ன வயதில் ஈத் காலையில் சாயம் பூசிய அவித்த முட்டையோடு தெருவில் இறங்கிவிடுவாளாம். ஒருவர் முட்டையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் தன் முட்டையால் தட்ட வேண்டும், உடைந்த முட்டை ஜெயித்தவருக்கு. வாங்கும்போதே பல்லில் தட்டிப் பார்த்துக் கெட்டியானதாகப் பொறுக்குவார்களாம்.

நவ்ரோஸ் இஸ்லாத்துக்கு முன்பே அந்த மண்ணில் இருந்தது. அதனால்தான் 1996க்கும் 2001க்கும் இடையில் தாலிபான் தடை செய்தார்கள், திரும்பி வந்த பிறகு 2022இல் அரசு விடுமுறையை எடுத்துவிட்டார்கள். 2018 மார்ச் 21இல் நவ்ரோஸுக்காகக் காபூலின் கார்தே சகி தர்கா பக்கம் போன மக்கள் மேல் தற்கொலைத் தாக்குதல் நடந்தது, 30க்கும் மேல் இறந்தார்கள். பெரியம்மாவுக்கு ஏன் முகம் வாடியது என்பதற்கு இதெல்லாம் காரணமாக இருக்கலாம். நோன்பும் தொழுகையும் விடாத வீடுகளில்தான் ஹஃப்த் மேவாவும் ஊறுகிறது, என் தோழி வீட்டில் இரண்டும் உண்டு. பெரியம்மாவிடம் "நவ்ரோஸ் முபாரக்" என்றே சொல்லுங்கள், பெருநாள் வரும்போது பெரியவரிடம் "ஈத் முபாரக்". அவர் பஷ்தூ பேசுபவர் என்றால் "அக்தர் தே முபாரக் ஷா" என்று சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவார்.

மயிலைவாசி:
எல்லோருக்கும் நன்றி. அம்மா அதிரசம் சுட்டார், நேற்று நானும் அவரும் கிண்ணத்தோடு கீழே போனோம். பெரியம்மா பால்கனிக்கு அழைத்துப்போய் ஒரு தட்டைக் காட்டினார், கோதுமை முளைத்து விரல் நீளத்துக்குப் பச்சையாக நின்றது. சமனக் செய்யவாம். அந்த முளையை இடித்துப் பிழிந்த சாற்றில் மாவைக் கரைத்து ராத்திரி முழுக்கக் கிண்ட வேண்டும், சர்க்கரை கிடையாது. முளைகட்டினால் மாவு தானாக இனிக்கும், கேழ்வரகிலும் அப்படித்தானே என்று அம்மா உடனே பிடித்துக்கொண்டார். காபூலில் தெருப் பெண்கள் எல்லோரும் கூடி, பாட்டுப் பாடிக்கொண்டே முறை வைத்துக் கிண்டுவார்களாம். இங்கே கை மாற்ற மருமகள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை ராத்திரி அடுப்பில் ஏற்றுகிறார்கள், இரண்டு மணிக்கு மேல் கரண்டி தன் கையில் என்று அம்மா சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.