பிள்ளைக்கு மூன்று வயதாகும்வரை வரைவதை நிறுத்திவிடவா?

பாயான் லெப்பாஸ் அம்மா:
மகளுக்கு 14 மாதம். பிரசவத்துக்குப் பிறகு ஜோர்ஜ் டவுனில் பார்த்த டிசைனர் வேலையை விட்டேன். பாப்பாவை நானே வளர்க்க வேண்டும் என்பது என் ஆசைதான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இப்போது வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸாகச் சிறுவர் கதைகளுக்குப் படம், தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறை என்று வரைகிறேன். கணவருக்குத் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட், அதனால் பாப்பா தூங்கும்போது மட்டும்தான் பேனாவைத் தொட முடிகிறது. போன வாரம் படம் மூன்று நாள் தாமதம், அடுத்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. மாமியார் "மூணு வயசு வரைக்கும் நிறுத்திடும்மா" என்கிறார். சொந்தமாக ஒரு படக்கதைப் புத்தகம் போட வேண்டும் என்பது என் திட்டம். என்ன செய்யலாம்?

செந்தூல் வாசி:
மாமியார் சொல்வதைக் கேளுங்கள் தங்கச்சி. நானும் வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு செய்தவள். என் மகன் என் முதுகைப் பார்த்தே வளர்ந்தான். "அம்மா, இங்க பாரு" என்று அவன் கூப்பிட்டபோதெல்லாம் "இதோ, ஒரு நிமிஷம்" என்றேன், இன்றைக்கு அவனுக்கு 11 வயது, கூப்பிடுவதே இல்லை. பிள்ளை தூங்கும் நேரம் நீங்களும் தூங்க வேண்டிய நேரம். புத்தகம் எங்கேயும் போகாது.

பிரிக்பீல்ட்ஸ் டிசைனர்:
போகும் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் நான்கு வருடம் முழுதாக நிறுத்தினேன். திரும்பி வந்தபோது பழைய வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட இல்லை, காட்டுவதற்குப் புதிய வேலை ஒன்றும் கையில் இல்லை, பழைய விலையில் பாதிக்குத்தான் தொடங்க முடிந்தது. அதைவிட, கை மறந்துபோனதுதான் எனக்கு வலித்தது. மாதம் ஒரு படமாவது வரையுங்கள், ஆனால் விடாதீர்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
பாசம், கனவு என்றே பேசுகிறோம், கணக்கை யாரும் பேசவில்லை. நிறுவனத்தில் இருந்தால் முதலாளி நம் ஓய்வுக்காலச் சேமநிதிக்குச் சம்பளத்தில் 12 அல்லது 13 விழுக்காடு போடுவார், 2023 முதல் பிரசவ விடுப்பும் 98 நாள். ஃப்ரீலான்ஸ் செய்பவளுக்கு இரண்டும் இல்லை, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கான ஐ-சாரான் திட்டத்தில் பதிந்து சேமநிதியில் பணம் போட்டால் 2025 முதல் அரசாங்கம் 20 விழுக்காடு சேர்க்கிறது, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை. அதாவது 2,500 போட்டால் 500 கிடைக்கும். இல்லத்தரசிகளுக்கான சொக்சோ சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி ஆண்டுக்கு 120 ரிங்கிட்தான். அப்புறம், வாரம் இரண்டு காலை பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, அந்தச் சம்பளத்தையும் படத்தின் விலையில் சேர்த்துக் கேளுங்கள். "வீட்டிலேதானே இருக்கீங்க" என்று விலையைக் குறைக்கச் சொல்வார்கள், குறைக்காதீர்கள்.

செந்தூல் வாசி:
500 ரிங்கிட் வாங்கி என்ன செய்ய, பிள்ளை முதல் அடி வைப்பதை ஆயாதானே பார்ப்பாள்?

பட்டர்வொர்த் அக்கா:
இரண்டு காலை போக மீதி நாளெல்லாம் அம்மாவோடுதானே இருக்கிறாள்? உங்கள் மகன் விஷயம் படித்து எனக்கும் மனசு கனத்தது. ஆனால் அன்றைக்கு உங்களுக்கென்று இரண்டு மணி நேரம் யாராவது ஒதுக்கிக் கொடுத்திருந்தால், மீதி நேரம் அவன் பக்கம் திரும்பியிருப்பீர்கள் இல்லையா? அப்பா எங்கே இருந்தார் என்று இங்கே யாரும் கேட்கவே இல்லை.

செந்தூல் வாசி:
அது உண்மைதான். என்னிடமும் யாரும் கேட்டதில்லை, நானும் அவரிடம் கேட்டதில்லை.

பாயான் லெப்பாஸ் அம்மா:
எல்லாவற்றையும் கணவரிடம் படித்துக் காட்டினேன். ஷிஃப்ட் இல்லாத நாட்களில் காலை எட்டு முதல் பதினொன்று வரை பாப்பா அவர் பொறுப்பு என்று முடிவாகியிருக்கிறது, நான் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். இந்தத் தீபாவளிக்கு இரண்டே உறைதான் எடுக்கிறேன், அவசர வேலை வேண்டாம். செந்தூல் அக்கா, பாப்பா தூங்கும்போது இனி நானும் படுத்துக்கொள்கிறேன். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.