கல்வி உதவிக்காக ஒதுக்கிய மூன்று லட்சத்தை எங்கள் ஊர் ரோட்டரி சங்கம் எப்படிச் செலவிடலாம்?

டெல்டா செயலாளர்:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றில் இயங்கும் ரோட்டரி சங்கத்தில், வரும் ஜூலை 1ஆம் தேதி செயலாளராகப் பொறுப்பேற்க இருக்கிறேன். எங்கள் சங்கம் பல ஆண்டுகளாக ஜூன் மாதத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகங்களும் பைகளும் வழங்கி வருகிறது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களுக்குப் பதவியேற்பு விழா மேடையில் ரொக்கப் பரிசும் தருகிறோம். இந்த ஆண்டு உறுப்பினர்கள் கூடுதலாக நன்கொடை தந்திருப்பதால், கல்விக்கென்று மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது.

இதைச் செலவிடும் வழியில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உள்ளது. இருபது கல்லூரி மாணவர்களுக்குத் தலா 15,000 ரூபாய் கொடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். மாலை நேர இலவச வகுப்பு தொடங்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். ரோட்டரி அறக்கட்டளையின் குளோபல் கிராண்ட் என்ற மானியத்தைப் பெற்றுப் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை அமைக்கலாம் என்று மூன்றாவது யோசனையும் வந்திருக்கிறது. விழாவும் புகைப்படமும் முடிந்த பிறகும் மாணவருக்குப் பயன் தரும்படி இந்தப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதே என் விருப்பம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை:

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பணியாற்றியவள் என்ற முறையில், நோட்டுப் புத்தகத்தையும் பையையும் நிறுத்திவிடலாம் என்று உறுதியாகச் சொல்வேன். பாடநூல், நோட்டுப் புத்தகம், பை, சீருடை, காலணி, பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டி என அனைத்தையும் அரசே விலையில்லாமல் தருகிறது. பள்ளிப் படிப்பு முடியும்வரை மாணவரைத் தாங்குவதற்கு ஏற்பாடு இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்து சில மாதங்கள் கடந்துவிட்டால், அப்போதும் ஏதேனும் ஒரு திட்டம் கைகொடுக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவற்றோடு கல்வி உதவித்தொகைகளும் முதல் பட்டதாரிச் சலுகையும் உள்ளன. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியாகும் மே மாதத்திலிருந்து, முதல் உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறும் நாள்வரை இடையில் உள்ள சில மாதங்களில் மாணவருக்குத் துணை யாரும் இல்லை.

நம் பகுதியில் அந்த மாதங்களின் நெருக்கடியைத் தாங்கள் அறிவீர்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. குறுவைக்கு உழவு, விதை, நாற்றங்கால் என்று வீட்டிலிருக்கும் பணமெல்லாம் வயலுக்குள் போகும் நேரத்தில்தான் கல்லூரிச் சேர்க்கையும் நடக்கிறது. கூலி வேலை செய்யும் குடும்பத்தில் சொல்லவே வேண்டியதில்லை. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான். ஆனால் விடுதி முன்பணம், உணவுக்கான முதல் மாதத் தொகை, இரண்டு செட் துணி, கலந்தாய்வுக்குப் போய்வரும் செலவு என்று ஒரே நேரத்தில் எட்டாயிரமோ பத்தாயிரமோ தேவைப்படும்போது, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று பெற்றோர் சொல்லிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்த அடுத்த ஆண்டு பெரும்பாலும் வருவதே இல்லை. பணம் கொடுப்பதானால் ஜூனிலேயே கொடுங்கள். ஆகஸ்ட் மாத விழாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பணம் அதிகம் தேவைப்படாத உதவி ஒன்றும் இருக்கிறது. மே மாதம் முழுவதும் பள்ளிக்கு அருகில் ஓர் உதவி மையம் நடத்துங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்து சேரும்வரை ஒருவர் கூடவே இருந்தால் பல குடும்பங்கள் தப்பித்துக்கொள்ளும். ஆதாரில் தலைப்பெழுத்து ஒருவிதமாகவும் மதிப்பெண் பட்டியலில் வேறுவிதமாகவும் இருக்கும். ஆதாருடன் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு எது என்பது பிள்ளைக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. பள்ளி நாட்களில் தொடங்கிய கணக்கு பயன்பாடின்றி முடங்கிக் கிடக்கும். அரசு அனுப்பும் உதவித்தொகை திரும்பிப் போவதற்கு இந்தச் சிறு காரணங்கள் போதும். வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் உங்கள் சங்கத்தில் நிச்சயம் இருப்பார். அவரை அங்கே உட்கார வையுங்கள்.

ஊருக்கு வெளியே படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு, 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்ட அரசு நல விடுதிகள் இருக்கின்றன என்பதையும் அந்த மையத்தில் எடுத்துச் சொல்லுங்கள். இந்தத் தகவலே எட்டாத வீடுகள் இன்னும் உள்ளன.

கோவை முன்னாள் பொருளாளர்:

அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வேறொரு மாவட்டத்தில் உள்ள ரோட்டரி சங்கத்தின் பொருளாளராக இருந்தவன் என்பதால், சங்கத்தின் உள் அமைப்பு பற்றிச் சிலவற்றைச் சொல்கிறேன்.

நம் ரோட்டரி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது, தலைவரும் அதோடு மாறுகிறார். ஆனால் கலை அறிவியல் பட்டப்படிப்பு மூன்று ஆண்டுகள், பொறியியல் நான்கு ஆண்டுகள். இந்த ஆண்டுத் தலைவர் கல்வியில் ஆர்வம் கொண்டிருப்பார். அடுத்தவர் கண் சிகிச்சை முகாமிலும், அதற்கடுத்தவர் மரக்கன்று நடுவதிலும் ஆர்வம் கொள்வார். இவை எல்லாமே நல்ல பணிகள்தான். ஆனால் முதலாண்டு உதவியை நம்பிச் சேர்ந்த மாணவர் இரண்டாம் ஆண்டில் சங்கத்தின் கதவைத் தட்டும்போது, அவருக்குப் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் சங்கத்தில் அப்படி இரண்டு மாணவர்கள் பாதியில் தவித்த பிறகுதான் விதியை மாற்றினோம். இப்போது ஒரு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அவருடைய படிப்பு முடியும்வரை தேவைப்படும் முழுத் தொகையையும் தனிக் கணக்கில் எடுத்து வைத்துவிடுகிறோம்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 15,000 வீதம் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு மாணவருக்கு 45,000 ரூபாய் ஆகும். ஆறு மாணவர்களுக்கு 2,70,000 போக மீதி 30,000 இருக்கும். இருபது பேருக்குக் கொடுக்கும் வாய்ப்பு ஆறாகக் குறைகிறதே என்று உறுப்பினர்கள் வருந்துவார்கள். ஆண்டுதோறும் இதே அளவு நன்கொடை திரட்ட முடிந்தால், மூன்றாம் ஆண்டில் ஒரே நேரத்தில் பதினெட்டுப் பேர் உங்கள் உதவியில் படித்துக்கொண்டிருப்பார்கள், அவர்களில் ஒருவருக்கும் அடுத்த ஆண்டைப் பற்றிய அச்சம் இருக்காது. கணக்கை இயக்க மூவர் குழு அமைத்து, ஆண்டுக்கு ஒருவர் மட்டுமே மாறும்படி தீர்மானம் நிறைவேற்றுங்கள். தலைவர் மாறினாலும் இருவர் தொடர்வார்கள்.

குளோபல் கிராண்ட் பற்றி: அதில் திட்டச் செலவு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், வெளிநாட்டுச் சங்கம் ஒன்றின் கூட்டும் தேவை. அதன் வழியாகத் தரப்படும் உதவித்தொகை வெளிநாட்டில் மேற்படிப்பு படிப்போருக்கானது. உங்கள் ஊர் இளங்கலை மாணவருக்கு அது பொருந்தாது. ஸ்மார்ட் வகுப்பறையும் பயனுள்ளதுதான். ஆனால் பழுது பார்க்கும் பொறுப்பை யார் ஏற்கிறார்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுத்துபூர்வமாக முடிவு செய்யாமல் அதில் இறங்காதீர்கள். பூட்டிய அறையில் தூசி படிந்து நிற்கும் திரைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

உதவி பெற்றுப் படித்தவள்:

ஒரு சேவைச் சங்கத்தின் உதவியால் பட்டம் பெற்று இப்போது வேலையில் இருப்பவள் நான். அந்த உதவிக்கு என்றும் நன்றியுடையவள். அதனாலேயே ஒன்றை மனம் விட்டுச் சொல்ல விரும்புகிறேன். தயவுசெய்து மாணவர்களை மேடையேற்றி, ஆளுயரக் காசோலை அட்டையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். எங்கள் விழாவில், வரிசையாக நிறுத்தப்பட்ட ஒவ்வொருவரின் தந்தை என்ன வேலை செய்கிறார், வீட்டில் என்ன கஷ்டம் என்பதெல்லாம் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. என் அப்பா கடைசி வரிசையிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டார். அந்தப் படம் மறுநாள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. பணத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். ஆவணம் தேவையென்றால் வங்கி ரசீதும் மாணவரின் கையொப்பமும் போதும். நன்கொடையாளர்களுக்கு எத்தனை பேர், எந்தப் படிப்பு, எந்த ஆண்டு என்ற விவரம் மட்டும் தாருங்கள்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய உதவியாக இருந்தவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினரான ஓர் அம்மா. ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் அவர் தொலைபேசியில் அழைத்து, தேர்வுக் கட்டணம் கட்டியாயிற்றா, எந்தப் பாடம் கடினமாக இருக்கிறது என்று விசாரிப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பயிற்சிப் பணிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்க எனக்கு வேறு யாருமே இல்லை. ஆறு மாணவர்களை எடுத்தால், ஆளுக்கொரு உறுப்பினரையும் பொறுப்பாக்குங்கள்.

மற்றொன்று, முதல் மதிப்பெண் பெற்றவரை மட்டும் தேடாதீர்கள். 600க்கு 570 பெற்ற மாணவருக்கு ரோட்டரியும் அரிமா சங்கமும் நகைக்கடையும் தனித்தனியாகப் பரிசு தருகின்றன. மாலையில் கடையில் வேலை பார்த்துக்கொண்டே 380 பெற்ற மாணவரை யாரும் அழைப்பதில்லை. கல்லூரியில் சேராமல் நின்றுவிடும் ஆபத்து அவருக்குத்தான் அதிகம்.

தட்டச்சுப் பயிலகம் நடத்துபவர்:

மாலை வகுப்பு யோசனையைக் கைவிட்டுவிட வேண்டாம். பத்தாம் வகுப்புக்குப் பொதுவான டியூஷன் ஊரில் ஏற்கெனவே பலர் எடுக்கிறார்கள். எட்டாம் வகுப்பு மாணவர்களைத் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். அதில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாத மாணவர்கள் எழுதலாம். மனத்திறன் பகுதியில் 90 வினாக்கள், படிப்பறிவுப் பகுதியில் 90 வினாக்கள். எண் தொடர், உருவ ஒப்புமை போன்ற மனத்திறன் வினாக்கள் வகுப்பறையில் சொல்லித் தரப்படுவதில்லை, பழகிக்கொண்டால் எவரும் செய்யலாம். கோவை நண்பர் கணக்கில் மீதியாக நிற்கும் 30,000 ரூபாயில் வினாத்தாள் நகலுக்கும் ஆசிரியரின் மதிப்பூதியத்துக்கும் ஒரு பருவம் தாராளமாக ஓடும். பத்துப் பேர் தேர்வானால் ஊருக்கு வந்து சேரும் தொகையைக் கணக்கிட்டுப் பாருங்கள். தேர்வானவர்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தவறுவது இன்னொரு பெரிய இழப்பு, அதையும் தலைமையாசிரியை அம்மா சொன்ன உதவி மையம் கவனித்துக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்கான கல்வியையும் நினைவில் கொள்ளுங்கள். திருமணத்தால் படிப்பை நிறுத்திய பெண்கள் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வுகளையும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கணினி அலுவலக மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வையும் முடித்தால், குரூப் 4 தட்டச்சர் பணிக்குப் போட்டியிடும் வாய்ப்பு வருகிறது. என் பயிலகத்தில் காலியாக இருக்கும் பிற்பகல் நேரத்தை ஓர் உள்ளூர்ச் சங்கத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். கட்டணத்தில் பாதியைச் சங்கம் தருகிறது, மீதியை மாணவியர் தருகிறார்கள். முழு இலவசமாக நடத்தியபோது பாதிப் பேர் இடையில் நின்றுவிட்டார்கள். சிறிதளவு தாமும் செலுத்தத் தொடங்கிய பின் வருகை சீரானது. அதுவும் இயலாதவர்களுக்கு விலக்கு உண்டு, அது எனக்கும் அந்த மாணவிக்கும் மட்டுமே தெரியும்.

மாலை வகுப்பு நடத்த இடத்துக்குக் கிளை நூலகரை அணுகிப் பாருங்கள். சிறுமியர் வரும் வகுப்பு என்றால் இருட்டும் முன் முடித்துவிடுங்கள், பெண் ஒருவர் எப்போதும் உடனிருக்கட்டும்.

டெல்டா செயலாளர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு மாணவர், முழுப் படிப்புக் காலம், மூவர் குழு என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். இந்த ஆண்டு மேடையில் மாணவர் படம் எடுப்பதில்லை என்று தலைவராகப் பொறுப்பேற்க இருப்பவர் இன்றே ஒப்புக்கொண்டார். உறுப்பினர்கள் எழுப்பும் ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை: மாணவர் அரியர் வைத்தால் உதவியை நிறுத்தலாமா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை:

நிறுத்தக் கூடாது ஐயா. தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் பிள்ளை ஒன்றிரண்டு தாள்களில் தவறுவது இயல்பு. அப்போது பணத்தை நிறுத்தினால் படிப்பும் நின்றுவிடும். பொறுப்பு உறுப்பினர் நேரில் பேசி, வேலைக்குப் போவதாலா, உடல்நலமா, பாடம் புரியாததா என்று கேட்டறியட்டும். அந்தப் பாடத்துக்கு ஒரு மூத்த மாணவரை ஏற்பாடு செய்யுங்கள். கல்லூரியை விட்டே விலகிவிட்டால் மட்டும் எஞ்சிய தொகையை அடுத்த ஆண்டு மாணவருக்கு மாற்றலாம். விலகியவர் அந்தப் படிப்புக் காலத்துக்குள் திரும்பி வந்தால் அவருக்கே முன்னுரிமை என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.