46 வயதில் நீச்சல் பழகலாமா? திருகோணமலை உறவுகள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. எனக்கு இரண்டு முழங்கால்களிலும் நோ. கொஞ்ச தூரம் நடந்தாலே வீக்கம் வந்துவிடுகிறது. தண்ணீரில் உடற்பயிற்சி செய்து பாருங்கள் என்று வைத்தியர் சொன்னார். நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் உடல் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்குமாம். அதைக் கேட்டதிலிருந்து பெரிய ஆசை.

பிறந்து வளர்ந்தது இங்கேதான், ஆனால் நீந்தத் தெரியாது. எங்கள் காலத்தில் பெண் பிள்ளைகள் கரையில் கால் நனைத்ததோடு சரி.

போன கிழமை தங்கையோடு விடியற்காலையில் உப்புவெளிக் கடலில் இடுப்பளவுக்கு இறங்கினேன். நடக்க முடிந்தது, நோவே இல்லை! ஆனால் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவுடன் மூச்சை அடக்கிக்கொண்டு பதறிவிடுகிறேன். தண்ணீருக்குள் மெதுவாக ஊதிவிட்டு, தலையைத் தூக்கி மூச்சு இழுக்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் பயத்தை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்?

பெரிய பெண்களுக்குப் பொறுமையாகப் பழக்கும் ஒரு அக்காவோ தங்கையோ திருகோணமலையில் இருந்தால் சொல்லுங்கள். குளம் என்றாலும் சரி, கடல் என்றாலும் சரி. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் போதும்? முழுக்கை, நீளக் காற்சட்டை உள்ள நீச்சல் உடை இங்கே எந்தப் பக்கம் வாங்கலாம்?

வாடைக்காற்று தொடங்கினால் கடலில் இறங்க முடியாது. அதற்கு முன் மிதக்கவாவது பழகிவிட வேண்டும். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.